விசாவில் இல்லாத வேலை

டைப்பிங் சென்டரில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, இதைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பாதி பயம், பாதி சந்தோஷம். வேலையை விட்டு இந்தச் சீட்டிலிருந்து எழுந்து மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் அந்த வியாழக்கிழமையை நினைத்தால் விரல் பத்தும் தானாக மேசையைத் தேடுகிறது.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பட்டுக்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கற்றுக்கொண்டதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. கல்யாணமாகி ஷார்ஜா வந்தேன். ஜெபல் அலி வேர்ஹவுஸில் வீட்டுக்காரருக்கு டியூட்டி, ஷார்ஜாவிலேயே ரோலா கடைத்தெருவில் எனக்கு டைப்பிங் சென்டர். இருபத்திரண்டு வருஷம் ஒரே கடை, ஒரே மூலை. நாற்காலி மட்டும் நாலு மாறியது. விசா பாரம், எமிரேட்ஸ் ஐடி, லீவ் லெட்டர், குழந்தை பிறந்த சான்றிதழ் என்று மனுஷனுக்கு இந்த நாட்டில் வேண்டிய எல்லாப் பேப்பரும் என் கை வழியாகப் போயிருக்கிறது. இங்கிலீஷை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, பாரங்கள்தான்.

நான் பயந்தாங்கொள்ளி. இதை மறைக்க மாட்டேன். அடித்ததை மூன்று தடவை பார்ப்பேன். கடையை விட்டு இறங்கி பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, 'அந்தப் பாஸ்போர்ட் நம்பரில் கடைசியில் ஒன்றா, ஏழா' என்று திரும்பி ஓடி வருவேன். எங்கள் மேனேஜர் கீழக்கரைக்காரர், எல்லாருக்கும் பாய். "தங்கச்சி, உன் பயத்துக்குத் தனியா ஒரு விசா அடிக்கணும்" என்பார். ஆனால் ஒன்று, என் கையில் போன பாரம் திரும்பி வந்தது ரொம்பக் குறைவு. நம் தொழிலில் பயம் ஒரு சாமான் மாதிரி. ஸ்டேப்ளர் போல மேசையிலேயே இருக்க வேண்டியது.

எனக்கு ஒரு சட்டம் இருந்தது. எல்லாப் பேப்பரும் ஒரே பேச்சு பேச வேண்டும். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே விசாவில், விசாவில் எப்படியோ அப்படியே மற்ற எல்லாவற்றிலும். இந்தச் சட்டம் ஆயிரம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு பெண்ணை மட்டும் முழுசாக அழிக்கப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பர்சனல் ஸ்டேட்மெண்ட் என்ற பேச்சே எங்கள் கடைக்குப் பிந்தித்தான் வந்தது. பன்னிரண்டாவது முடிக்கிற பிள்ளைகள் மெடிக்கல் காலேஜ் அப்ளிகேஷனோடு வருவார்கள். ஏன் டாக்டராக வேண்டும் என்று அவரவர் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். கையில் எழுதிக்கொண்டு வந்தால் அடித்துத் தருவோம். எழுதாமல் வந்தால்? அதற்கு என் கம்ப்யூட்டரில் 'மெடிக்கல் ரெடி' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. 'சின்ன வயதிலிருந்தே மனித குலத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற தாகம்' ஒரு பத்தி. 'என் தாத்தா என் கண் முன்னே மூச்சை விட்டார், அன்றே முடிவெடுத்தேன்' இன்னொரு பத்தி. யார் முதலில் எழுதியது என்று தெரியாது. நாங்கள் அதை எல்லாருக்கும் போட்டோம். ஒரு சீசனில் ரோலாவில் மட்டும் ஏழு தாத்தாக்கள் ஒரே மாதிரி செத்துப்போனார்கள். பாய் கணக்கெடுத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தச் சீசனில்தான் கயல்விழி வந்தாள்.

ஒல்லியான பெண். ஸ்கூல் யூனிஃபார்மோடு நேராக வந்து நின்று, "ஆன்ட்டி, அப்ளிகேஷன் முழுக்க நீங்க பண்ணுங்க. ஸ்டேட்மெண்ட் மட்டும் நான் எழுதிட்டேன், டச் பண்ண வேணாம்" என்றாள். டச் பண்ண வேணாம். இந்த மூன்று வார்த்தை என் காதில் நன்றாகத்தான் விழுந்தது.

அப்பா முருகேசன், அரியலூர்ப் பக்கம். ஒரு கட்டட கம்பெனியில் வேலை. அம்மா செல்வி, கயல் படிக்கிற பள்ளிக்கூடத்திலேயே பஸ் நானி, சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. அதனால்தான் கயலுக்கு அங்கே ஃபீஸ் குறைச்சல். மூன்று பேரும் ரோலாவில் ஒரு ஃப்ளாட்டில் ஒரு ரூம். இங்கேயே ஒரு மெடிக்கல் காலேஜில் முழு ஸ்காலர்ஷிப்பில் சில சீட் இருந்தது. மார்க் அவளிடம் இருந்தது. ஆனால் மார்க் வைத்திருக்கிற பிள்ளைகள் ஏகப்பட்ட பேர். அவர்களில் யாரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவது என்று அந்த ஒரு பக்கத்தைப் படித்துத்தான் எடுப்பார்கள். கிடைத்தால் டாக்டர். கிடைக்காவிட்டால் அந்தப் படிப்பு அந்த வீட்டுக்கு இல்லை. கயலுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசித் தேதி வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. ஸ்கூலில் கையெழுத்தாகி வர வேண்டிய ஒரு பேப்பர் முதல் நாள்தான் வந்தது. வியாழக்கிழமை அவளுக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல். காலையில் வந்து பென் டிரைவைக் கொடுத்தாள். "அப்பா மத்தியானம் வந்து டிக்ளரேஷன்ல சைன் பண்ணுவார். ஸ்கேன் பண்ணி ஏத்திட்டு சப்மிட் பண்ணிடுங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பதினோரு மணிக்கு உட்கார்ந்தேன். அப்பாவின் விசா காப்பியைப் பார்த்து 'தகப்பனார் தொழில்' என்ற கட்டத்தில் ஸ்டோர் கீப்பர் என்று அடித்தேன். பிறகு ஸ்டேட்மெண்டைத் திறந்தேன். முதல் வரியே, 'என் அப்பா ஒரு லேபர் கேம்ப்பில் கேம்ப் பாஸ்.'

அப்பாவின் விசா காப்பியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

இங்கே கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இது புதுசில்லை. கம்பெனிக்கு எந்த வேலைக்கு விசா கிடைத்ததோ அதில் ஆளைக் கொண்டு வருவார்கள். வந்த பிறகு செய்கிற வேலை வேறு. முருகேசன் பேப்பரில் ஸ்டோர் கீப்பர். நிஜத்தில் கேம்ப் பாஸ்: இருநூறு ஆள் தங்குகிற கேம்ப்பின் தண்ணீர், கரண்ட், சண்டை, சீக்கு எல்லாம் அவர் தலையில். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, எழுதி ஒரு ஆபீஸுக்கு அனுப்புவது வேறு. ஒரே அப்ளிகேஷனில் விசா காப்பி ஒன்று சொல்கிறது, மகள் இன்னொன்று சொல்கிறாள்! யாராவது பார்த்துக் கேட்டால்? கம்பெனிக்கு ஃபைன் வந்தால்? கம்பெனி இவரை அனுப்பிவிட்டால்? அவர் விசாவில்தான் பெண்டாட்டி விசா, பெண்ணின் விசா. அவர் போனால் மூன்று பேரும் போக வேண்டியதுதான். என் மண்டை இப்படித்தான் ஓடும். ஒரு எழுத்தில் ஆரம்பித்து ஏர்போர்ட்டில் போய் நிற்கும்.

கயலைக் கேட்க வழியில்லை, ஸ்கூலில் போன் கிடையாது. முருகேசனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதுதான் என் தப்பு, நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டால் அவரும் பயப்படுவார் என்று அவருக்கும் சேர்த்து நானே பயந்துகொண்டேன்.

கேம்ப் பாஸை எடுத்துவிட்டு ஸ்டோர் கீப்பர் என்று போட்டேன். போட்டதும் அடுத்த பத்தி இடித்தது. ஸ்டோர் கீப்பர் எதற்கு சீக்காளியை கிளினிக்குக் கூட்டிப் போகிறார்? அந்தப் பத்தியை எடுத்தேன். அதை எடுத்ததும் அதற்கடுத்தது தலையில்லாமல் நின்றது. அதையும் எடுத்தேன். பாதிப் பக்கம் காலி. நம்மிடம்தான் ஃபோல்டர் இருக்கிறதே! சேவை தாகத்தை இறக்கினேன். தாத்தாவைக் கொண்டுவந்து சாகடித்தேன். இப்போது எல்லாப் பேப்பரும் ஒரே பேச்சு பேசியது. மூன்று தடவை சரிபார்த்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அப்பாடா என்று டீகூடக் குடித்தேன்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முருகேசன் வந்தார். கழுத்தில் கம்பெனி ஐடி, கையில் நாலு சாவிக்கொத்து. எங்கள் கடை ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறக்கும். பாய் ஷட்டர் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார்.

"யல்லா தங்கச்சி, கிளம்பு, சாப்பிட வேணாமா?"

"ரெண்டே நிமிஷம் பாய். ஒரு சைன், ஒரு ஸ்கேன். கலாஸ், முடிஞ்சிரும்."

டிக்ளரேஷனை நீட்டினேன். முருகேசன் பேனாவை வாங்கிக்கொண்டு, "இதுல என்னக்கா எழுதியிருக்கு?" என்றார்.

"இதுல சொன்னதெல்லாம் உண்மைன்னு."

"அப்ப ஒருக்கா படிச்சுக் காட்டிடுங்களேன். பாப்பா எழுதினது, நான் கையெழுத்துப் போடறது. கேட்டுட்டுப் போடறேன்."

படித்துப் படித்து தமிழில் சொன்னேன். சேவை தாகம் வந்தது. தலையை ஆட்டினார். தாத்தா வந்தார்.

"இருங்க, இருங்க. எந்தத் தாத்தா?"

"கயலோட தாத்தா. கண் முன்னாடி..."

"எங்கப்பா ஊர்ல கல்லு மாதிரி இருக்காருக்கா! நேத்து போன்ல ஒரு மணி நேரம் என்னைத் திட்டினாரு!"

பாய் ஷட்டர் கம்பியோடு திரும்பி என்னைப் பார்த்தார். எட்டாவது தாத்தா என்று அவர் கண் சொன்னது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

"அவளோட அம்மா பக்கம்னு நெனச்சேன்..." என்று இழுத்தேன்.

முருகேசன் அதை விட்டுவிட்டார். "சின்னையன் எங்கக்கா? பாப்பா எனக்குப் படிச்சுக் காட்டுச்சே. சின்னையன் வருவாரே, நான் போன் பண்றது வருமே. அதெல்லாம் எங்க?"

யார் சின்னையன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், பதினொன்றரைக்கு நான்தான் அவரை எடுத்தேன். ஆனால் முருகேசன் சொன்னார். நின்றபடியே, சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

கேம்ப்பில் யாருக்காவது முடியவில்லை என்றால் அவர்தான் கிளினிக்குக் கூட்டிப் போவார். டாக்டர் இங்கிலீஷில் கேட்பார். நம் ஆட்கள் 'நெஞ்சு கரிக்குது', 'கால் மதமதங்குது' என்பார்கள். முருகேசனுக்கு இந்தி வரும், இங்கிலீஷ் அவ்வளவாக வராது. கயலுக்கு பத்து வயதிலிருந்தே போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பார். அவள் கேட்டு டாக்டருக்கு இங்கிலீஷில் சொல்வாள், டாக்டர் சொன்னதை ஆளுக்குத் தமிழில் சொல்வாள். வீட்டுப்பாடத்துக்கு நடுவில் இதுவும் ஒரு வேலை.

ஒரு கோடையில் சின்னையன் என்ற கொத்தனாரைக் கூட்டிப் போனார். அந்த மனுஷன் எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றாராம். சீக்கு என்று எழுதிவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். டாக்டரும் மாத்திரை எழுதி அனுப்பப் பார்த்தார். போனில் இருந்த கயல் மட்டும் விடவில்லை. "மாமா, டாக்டர்கிட்ட சொல்ல வேணாம். எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. காலையில என்ன சாப்டீங்க?" என்று கேட்டாளாம். மனுஷன் அங்கேயே உடைந்துவிட்டார். மூன்று நாளாகச் சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை, சைட்டில் இரண்டு தடவை கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார், ஃபோர்மேன் பார்க்காமல் மறைத்துவிட்டார். அவள் அதை டாக்டருக்குச் சொன்னதும் நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார்களாம். சின்னையன் பிழைத்து, அதே சைட்டில் மறுபடி வேலைக்கு நின்றார்.

"அன்னிக்குத்தான்க்கா எம் பொண்ணு டாக்டராவணும்னு சொல்லிச்சு. தாத்தா செத்து இல்ல. ஆளு பொழச்சு!"

விசாவைக் காட்டினேன். ஸ்டோர் கீப்பர் என்ற வரியைத் தொட்டுக் காட்டினேன். என் பயத்தையெல்லாம் அவர் மேல் கொட்டினேன்.

அந்தக் காப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கம்பெனில விசா வேலை பாக்கற பி.ஆர்.ஓ. ரினியூவல்ல மாத்தித் தரேன்னு ரெண்டு வருஷமா சொல்றாரு. நான்தான் திரும்பக் கேக்கப் பயந்துக்கிட்டு விட்டுட்டேன். சரிக்கா. ஆனா என்னைக் காப்பாத்தறேன்னு எம் பொண்ணை எடுத்துட்டீங்களே."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மணி ஒன்று பத்து. பாய் ஷட்டரைப் பாதி இறக்கினார், ஆனால் வெளியே போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சோறு எங்கயும் போகாது" என்றார்.

பென் டிரைவில் பழைய ஸ்டேட்மெண்ட் பத்திரமாக இருந்தது. அப்படியே போட்டுவிடலாமா? முருகேசன், "போட்டுடுங்க, வேலை போனா பாத்துக்கலாம்" என்றார். சொன்னாரே தவிர, விசா காப்பியைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. எனக்கும் பயம்தான். கேம்ப் பாஸ் என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடலாமா? காலையில் ஒரு வார்த்தையை எடுத்துத்தான் இந்தக் கதி. இன்னொரு தடவை அந்தப் பிள்ளையைக் கேட்காமல் ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது என்று எனக்குப் பட்டது. தொழிலுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, தப்பாகிவிடுமோ என்ற பயத்தை விட, கேட்காமல் விட்டுவிடுவேனோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

"பிராக்டிகல் எப்ப முடியும்?"

"ரெண்டரை. ரெண்டே முக்காலுக்கு பஸ் எடுப்பாங்க." முருகேசன் முகம் சட்டென்று மலர்ந்தது. "அக்கா! பஸ்ல செல்விதானே நானி! அவகிட்ட போன் இருக்கு!"

இரண்டே முக்கால் வரை நாங்கள் மூன்று பேரும் அந்தப் பாதி இருட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். நான் காலேஜின் அப்ளிகேஷன் போர்ட்டலில் தாத்தாவை அழித்து, கயல் எழுதியதைத் திரும்ப ஏற்றி, முதல் வரியில் கர்சரை நிறுத்தி வைத்தேன். இன்டர்நெட் போய்விடுமோ என்று இருபது தடவை பார்த்தேன். பாய் தன் மொபைலையும் தயாராக வைத்தார்.

முதல் தடவை போனை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவதில் செல்வி. பின்னால் ஒரு பஸ் நிறைய கேஜி பிள்ளைகள் கத்துகிறார்கள்.

"என்னங்க, டியூட்டில இருக்கேன்! ஏய், பெல்ட் போடு! உன்னைத்தான்!"

"செல்வி, பாப்பாகிட்ட குடு! ஜல்தி!"

போனை என் மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்ததை, போட்டதை, தாத்தாவை. ஒன்றையும் மறைக்கவில்லை.

கயல், "ஆன்ட்டி, டச் பண்ண வேணாம்னு சொன்னேனே" என்றாள்.

"தப்புதான்மா. இன்னும் சப்மிட் பண்ணல. உன் எழுத்து திரும்ப உள்ள இருக்கு. முதல் வரி மட்டும் நீ சொல்லு, என்ன செய்யணும்?"

"பாப்பா," என்று முருகேசன் குனிந்தார், "அந்த கேம்ப் பாஸை விட்டுடு. சின்னையனை விடாத."

"ஏன் விடணும்? ஸ்கூல்ல எல்லா ஃபார்ம்லயும் ஸ்டோர் கீப்பர், ஸ்டோர் கீப்பர்னே எழுதறேன்ப்பா. நீங்க செய்றதை ஒரே ஒரு இடத்துல எழுதினேன். அதுவும் கூடாதா?"

"எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"பாருங்க! சின்னையன் மாமா மாதிரியே பேசறீங்க!"

பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முருகேசன் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மணி மூன்று ஐந்து. நடுவில் புகுந்து நான் ஒரு வரி சொல்லிக் கொடுத்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன். நான் செய்தது ஒன்றே ஒன்று. ஒரு கேள்வி கேட்டேன்.

"கயல், எனக்கு உங்கப்பாவைத் தெரியாதுன்னு வச்சுக்கோ. வேலைக்கு என்ன பேருன்னு வேணாம். அவர் என்ன செய்வாரு? அதைச் சொல்லு."

பஸ் எங்கோ சிக்னலில் நின்றது. ஒரு பிள்ளை அழுதது. செல்வி அதை ஆற்றுவது கேட்டது. பிறகு அவள் இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தமிழில் இப்படி வரும்:

'என் அப்பாவின் கம்பெனியில் ஒருவருக்கு வலி வந்து, அதை வெளியே சொல்லப் பயமாக இருந்தால், அவர் என் அப்பாவிடம் போவார். என் அப்பா எனக்குப் போன் செய்வார்.'

நான் முருகேசனைப் பார்த்தேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. பாய் அவருக்குத் தமிழில் சொன்னார். முருகேசன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இது பொய் இல்லையேக்கா?" என்றார்.

"ஒரு எழுத்துகூட இல்ல."

"விசாவோட இடிக்குமா?"

"ஸ்டோர் கீப்பர் போன் பண்ணக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையே!"

"அப்ப அடிங்கக்கா!"

அடித்தேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். கமா எங்கே என்று அவளைக் கேட்டேன். இன்னும் இரண்டு இடத்தில் கேம்ப் பாஸ் வந்தது, அதையும் அவளே மாற்றினாள். திரும்பப் படித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை" என்றாள். இன்னொரு தடவை படித்தேன். இறங்கும் இடம் வந்ததும், அம்மாவின் போனோடு இறங்கி, அவள் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முருகேசன் டிக்ளரேஷனில் கையெழுத்துப் போட்டார். ஸ்கேன் ஏறியது. சப்மிட் பட்டன் மேல் சுட்டியை வைத்தேன், விரல் நின்றுவிட்டது.

"கயல், அமுக்கட்டுமா?"

"அமுக்குங்க ஆன்ட்டி!"

மூன்று நாற்பத்தொன்று. அப்ளிகேஷன் கிடைத்துவிட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. பாய் ஷட்டரை ஒரே தூக்காகத் தூக்கினார். வெளிச்சம் உள்ளே கொட்டியது. வெளியே காத்திருந்த ஒரு பட்டான் டிரைவர், "க்யா ஹுவா பாய்?" என்று இந்தியில் விஷயத்தைக் கேட்டார். டாக்டர் வந்தாச்சு என்று அதே இந்தியில், "டாக்டர் ஆயா!" என்றார் பாய். இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த டிரைவர் எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் 'மெடிக்கல் ரெடி' ஃபோல்டரை அழித்தேன். பாய் கொஞ்சம் முனகினார். எழுதாமல் வருகிற பிள்ளைகளை என்ன செய்வது என்றார். பேச வைக்கலாம் என்றேன். அதற்கு நேரமாகும் என்றார். ஆகட்டும் என்றேன். பயந்தாங்கொள்ளி நான், அவரை எதிர்த்துப் பேசியது அன்றுதான்.

பிள்ளைகளே, சட்டத்தை விட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட் நம்பரை மூன்று தடவை பாருங்கள், பேப்பருக்குப் பேப்பர் இடிக்காமல் அடியுங்கள். அது நம் சோறு. ஆனால் பாரத்தில் ஒரு பக்கம் காலியாக விட்டு 'உன்னைப் பற்றி எழுது' என்று கேட்டிருந்தால், அந்தப் பக்கத்துக்கு நாம் எஜமான் இல்லை. அங்கே ஏதாவது இடித்தால் கையை எடுத்துவிட்டு அந்த ஆளைக் கூப்பிடுங்கள். நேரமில்லை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஐந்து மணி நேரம் இருந்தது!

இன்டர்வியூவுக்குக் கயலைக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த ஒரு பெரிய டாக்டர் முதலில் கேட்டதே, "காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஏன் கேட்டாய்?" என்றுதானாம். "வலி எங்கேன்னு கேட்டா பயப்படுவார். சாப்பாட்டைக் கேட்டா யாரும் பயப்பட மாட்டாங்க" என்று சொன்னாளாம். அதன் பிறகு அரை மணி நேரம் அந்த கிளினிக் போன்களைப் பற்றியே பேசினார்களாம். இதை அவள் கடை வாசலில் நின்று குதித்துக் குதித்துச் சொன்னாள்.

சீட் கிடைத்தது. முழு ஸ்காலர்ஷிப்.

அந்த லெட்டரை பிரிண்ட் எடுக்க முருகேசன்தான் வந்தார். எடுத்து, கவரில் போட்டு, கடையில் இருந்த எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். போகவில்லை. கவுண்டரிலேயே நின்றார்.

"அக்கா, இன்னொரு பாரம் அடிக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ரினியூவல் வருது. பி.ஆர்.ஓ.கிட்ட கேட்டுட்டேன். நேரா போய் நின்னு கேட்டுட்டேன்க்கா! சரி, மாத்திக்கன்னுட்டாரு." பையிலிருந்து கம்பெனி சீல் போட்ட ஒரு பேப்பரை எடுத்து மேசையில் தடவி வைத்தார்.

அடித்தேன். 'தொழில்' என்ற கட்டம் வந்ததும், கம்பெனி பேப்பரைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்தேன். மூன்று தடவை பார்த்தேன். ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் உடனே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் வைத்தார். "பாப்பா, அக்கா அடிச்சிட்டாங்க. இரு, நானே படிக்கிறேன்." ஸ்கிரீனில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"கேம்ப்... சூப்பர்... வைசர்."



"இன்னொரு தடவ படிங்கப்பா" என்றாள்.